பக்கவாதம், ரைல்ஸ் ட்யூப், படுக்கை: அம்மாவுக்குத் தென்சென்னையில் பராமரிப்பு இல்லம் பார்க்கிறோம், எதைக் கேட்டு முடிவு செய்வது?

செம்பாக்கம்_வாசி:

அம்மாவுக்கு வயது 74. மூளையின் இடது பக்கம் பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. வலது கை, வலது கால் அசைவு ரொம்பக் குறைவு. பேச்சு குழறுகிறது, ஆனால் நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொடுக்கும் ரைல்ஸ் ட்யூப், யூரின் ட்யூப் இரண்டும் இருக்கின்றன. சர்க்கரைக்குக் காலையும் இரவும் இன்சுலின். எடை 62 கிலோ. வால் எலும்புக்கு மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு கருஞ்சிவப்புத் திட்டு வந்திருக்கிறது. சில இரவுகளில் ஆள் தெரியாமல் சத்தம் போடுகிறார்.

இன்னும் பத்து நாளில் டிஸ்சார்ஜ். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். தாம்பரத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையில் மூன்று இல்லம் பார்த்தோம். ஒன்று புதுக் கட்டடம், ஏசி, 20 படுக்கை, மாதம் 42,000. இரண்டாவது தனி வீட்டை மாற்றியது, 9 படுக்கை, 35,000. மூன்றாவது 40 படுக்கை, மருத்துவமனை மாதிரியே இருக்கிறது, 62,000. மூவரும் சொல்வது ஒன்றுதான்: 24 மணி நேர நர்ஸிங், டாக்டர் விசிட், பிசியோ, சத்தான சாப்பாடு. எங்கள் கணக்கு 50,000க்குள்.

எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? என்னென்ன எழுத்தில் வாங்க வேண்டும்? சொன்ன தொகைக்கு மேல் எவ்வளவு போகும்?

இரவுப்பணி:

மூன்றும் ஒரே மாதிரி தெரிந்ததற்குக் காரணம், மூன்றையும் பகலில் போய்ப் பார்த்திருப்பீர்கள். காலை பதினோரு மணிக்கு எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் அம்மா நிலையில் இருப்பவருக்கு இல்லத்தின் தரம் தெரிவது இரவு எட்டு முதல் காலை எட்டு வரை.

முதலில் கேட்க வேண்டியது, இரவு எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அவர்களில் நர்ஸ் எத்தனை, ஆயாம்மா எத்தனை. "போதுமான ஸ்டாஃப் இருக்காங்க" என்பது பதிலே இல்லை. எண் வாங்கிக்கொண்டு கணக்குப் போடுங்கள். 20 படுக்கையில் 14 பேர் தாங்களாகப் புரள முடியாதவர்கள் என்று வையுங்கள். ஒருவரைப் புரட்டி, டயப்பர் பார்த்து, துடைத்து, தலையணை முட்டுக்கொடுத்து முடிக்க இரண்டு பேருக்கு 8 முதல் 10 நிமிடம். பதினான்கு பேருக்கு 112 முதல் 140 நிமிடம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது 120 நிமிடத்துக்கு ஒரு முறை, புரட்டியாக வேண்டும். இரண்டு பேர் மட்டும் இருந்தால் தண்ணீர் குடிக்காமல் சுற்றினாலும் ஒரு சுற்று முடிவதே கஷ்டம். அப்போது என்ன நடக்கும்? கூப்பிடுகிறவரைப் பார்ப்பார்கள், கூப்பிடாதவரை விட்டுவிடுவார்கள். பேச்சு குழறும் உங்கள் அம்மா கூப்பிட மாட்டார்.

இரண்டாவது, புரட்டும் சார்ட். கட்டிலில் தொங்குகிறதா என்று பார்க்காதீர்கள், அது எல்லா இடத்திலும் தொங்கும். என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இடது, வலது, மல்லாந்து என்று நிலை மாறிமாறி இருக்கிறதா? 10.00, 12.00, 2.00, 4.00 என்று மணி அடித்த மாதிரி ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் இருந்தால் அது காலையில் டீ குடித்துக்கொண்டே எழுதியது. 10.10, 12.25, 2.05 என்று கோணல்மாணலாக இருந்தால் நம்பலாம். சில இடங்களில் பகல் பதினோரு மணிக்கே மதியம் இரண்டு மணிக் கட்டமும் நிரம்பியிருக்கும்.

திட்டு விஷயம். விரலால் அழுத்தி எடுங்கள். நிறம் வெளுத்துத் திரும்பி வந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப் புண்ணின் முதல் நிலை. நம் தோல் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது; சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக, கருத்து இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்ய விடாதீர்கள், உள்ளே இருக்கும் திசு இன்னும் நசுங்கும். காற்று வளையம் வாங்கி வைக்கும் பழக்கமும் வேண்டாம், வளையத்தின் ஓரம் சுற்றிலும் அழுத்தி நடுவுக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

ஏர் பெட், அதாவது பம்பு வைத்துக் காற்றடிக்கும் மெத்தை, இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். பம்பில் எடைக்கு ஏற்றபடி வைக்கும் திருகு இருக்கும், 62 கிலோவுக்கு 62க்கு அருகில் இருக்க வேண்டும். யாரோ 120இல் வைத்துவிட்டால் பலகை மாதிரிதான். இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. அதன் மேல் ரப்பர் ஷீட், நாலாக மடித்த பெட்ஷீட், டயப்பர், அதற்கு மேல் ஒரு துண்டு என்று அடுக்கினால் ஏர் பெட் போட்டும் பயனில்லை. ஏர் பெட் இருந்தாலும் புரட்டித்தான் ஆக வேண்டும். 30 டிகிரி சாய்வு போதும், முழுக்க ஒருக்களிக்க வைத்தால் இடுப்பு எலும்பில் அடுத்த புண் வரும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் காற்றில் நிற்க வேண்டும்.

ரைல்ஸ் ட்யூபுக்கு வருவோம். நீங்கள் போகும்போது யாருக்காவது ஃபீட், அதாவது ட்யூப் வழி உணவு, போகும் நேரமாகப் பார்த்துப் போங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மூக்கருகே ட்யூபில் உள்ள குறியீட்டைப் பார்த்து, அது வெளியே வந்திருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்க விட வேண்டும். பிஸ்டனால் அழுத்தித் தள்ளினால் எதுக்களித்து நுரையீரலுக்குப் போகும். முன்னும் பின்னும் 30 மில்லியாவது தண்ணீர். முடிந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் சாய்ந்தே இருக்க வேண்டும். ஃபீட் முடிந்த கையோடு படுக்க வைத்து டயப்பர் மாற்றுவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு, நிமோனியா வருவது அந்த வழியாக.

இன்னொன்று யாரும் கேட்பதில்லை. இன்சுலினுக்கும் ட்யூபுக்கும் உள்ள வரிசை. முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும், அப்புறம் ட்யூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகே ஊசி, உடனே ஃபீட். ஊசியைப் போட்டுவிட்டு ஃபீட் எடுக்கப் போகும்போது அம்மா ட்யூபைப் பிடுங்கியிருந்தால், மறுபடி போட இரவு இரண்டு மணிக்கு யார் வருவார்? அந்த இடைவெளியில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும். இந்தக் கேள்வியை மூன்று இடத்திலும் இப்படியே கேளுங்கள்: "இரவு இரண்டு மணிக்கு ட்யூப் வெளியே வந்தால் யார் போடுவார்?" தகுதியுள்ள நர்ஸ் இரவில் இருந்தால் உடனே பதில் வரும். "டாக்டருக்கு போன் பண்ணுவோம்" என்றால் உங்களுக்குத் தேவையான விஷயம் கிடைத்துவிட்டது.

மாத்திரைச் சீட்டில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று முடியும் மாத்திரை இருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியதை இடித்து ட்யூபில் விட்டால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். யூரின் ட்யூப் இன்னும் தேவையா என்றும் அங்கேயே கேளுங்கள். எடுத்துப் பார்க்கும் முயற்சி மருத்துவமனையில் நடப்பதே நல்லது, இல்லத்தில் யாரும் அந்தப் பொறுப்பை எடுக்க மாட்டார்கள். இருந்தே ஆக வேண்டுமென்றால் பை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். போட்ட தேதி எழுதியிருக்க வேண்டும். ட்யூப் லேட்டக்ஸ் (ரப்பர்) என்றால் 2 முதல் 4 வாரத்தில் மாற்ற வேண்டும், முழு சிலிக்கான் என்றால் 12 வாரம் வரை வைக்கலாம்.

தோள்_மூட்டு:

இரவுப்பணி சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு படி முன்னாலிருந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பக்கவாதம் வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. மீள்வது வேகமாக நடப்பது முதல் மூன்று மாதத்தில். பிறகும் நடக்கும், ஆனால் மெதுவாக. இந்த நேரத்தில் அவருக்குத் தேவை முதியோர் பராமரிப்பு இல்லமா, இழந்த அசைவையும் பேச்சையும் பயிற்சியால் மீட்கும் ரீஹாப் மையமா? இரண்டும் ஒன்றல்ல. இல்லத்தில் "பிசியோ உண்டு" என்றால் பெரும்பாலும் ஒருவர் வந்து ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கை காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவார். மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும். உட்காரவும் நிற்கவும் அது கற்றுத் தராது.

ரீஹாப் என்றால் ஒரு நாளைக்குத் தனியாக 45 நிமிடமாவது, வாரத்தில் ஐந்தாறு நாள், பேச்சுக்கும் விழுங்குவதற்கும் தனித் தெரபிஸ்ட். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "நாலு வாரத்தில் என்ன இலக்கு?" ஒழுங்கான இடமாக இருந்தால் "கட்டில் ஓரத்தில் பிடிமானம் இல்லாமல் பத்து நிமிடம் உட்கார வைப்போம், ஒரே ஆள் துணையோடு நாற்காலிக்கு மாற்றுவோம்" என்பார்கள். "நடக்க வெச்சிடுவோம்" என்று பார்க்காமலே சொல்பவரை நம்பாதீர்கள்.

விழுங்கும் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது? ட்யூப் போட்டதோடு அந்தக் கேள்வியையே மறந்துவிடுகிறார்கள். பக்கவாதத்தில் விழுங்குவது பலருக்கு வாரக்கணக்கில் திரும்பி வரும். டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. ட்யூப் நீண்ட நாள் தேவைப்படும் என்றால் வயிற்றில் நேரடியாக வைக்கும் பெக் ட்யூப் பற்றி இப்போதே பேசுங்கள். மூக்கில் இருப்பதைப் பிடுங்குகிறார் என்பதற்காகக் கையைக் கட்டும் பிரச்சினை அதோடு குறையும்.

இல்லத்தில் நேரில் பார்க்க ஒரு விஷயம்: நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுகிறார்கள். அக்குளில் கைவிட்டுத் தூக்கினால், அல்லது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால், அங்கே பயிற்சி இல்லை. பிடிமானம் இழந்த தோள் மூட்டு கீழே இறங்கிவிடும், பிறகு பிசியோ செய்யவே விடமாட்டார், அவ்வளவு வலி. இடுப்பில் பெல்ட் போட்டு, பலமுள்ள பக்கமாக நாற்காலியை வைத்து மாற்ற வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அது இடது பக்கம். உட்கார்ந்திருக்கும்போது வலது கைக்கு அடியில் தலையணை இருக்கிறதா, தொங்குகிறதா? தொங்கும் கை நாலு நாளில் வீங்கும்.

கட்டடத்தில் பளிங்குத் தரையையும் நீரூற்றையும் விடுங்கள். பாத்ரூம் கதவு 80 சென்டிமீட்டராவது இருக்கிறதா, வெளிப்பக்கமாகத் திறக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கதவில் சாய்ந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா? பல புதுக் கட்டடங்களில் நாலு பேர் நிற்கும் லிஃப்ட்தான்.

வரவுசெலவு:

பணப் பக்கம் மட்டும் சொல்கிறேன். விளம்பரத்தில் இருக்கும் தொகை படுக்கைக்கும் சாப்பாட்டுக்குமானது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது இடம் 35,000. அதில் டயப்பர் சேருமா? நாளைக்கு ஐந்து, மாதம் 150, ஒன்று 40 ரூபாய் என்று வைத்தாலே 6,000. பிசியோ தனியென்றால் ஒரு தடவைக்கு 500, மாதம் 26 நாள், 13,000. ட்யூபில் கொடுக்கும் மாவு டப்பாக்கள், மருந்து, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், கையுறை, ஏர் பெட் வாடகை எல்லாம் தனி. 35,000 என்பது 58,000 ஆவதற்கு ஒரு மாதம் போதும். 62,000 சொன்ன இடத்தில் பிசியோவும் டயப்பரும் நர்ஸ் கட்டணமும் உள்ளடக்கம் என்றால் அதுதான் மலிவாகக்கூட இருக்கலாம். மூன்று இடத்திலும் ஒரே தாளைக் கொடுத்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். மேலும் ஒன்று கேளுங்கள்: இங்கே இதே மாதிரி நிலையில் இருக்கும் ஒருவரின் போன மாத பில், பெயரை மறைத்துவிட்டுக் காட்ட முடியுமா?

ஜிஎஸ்டி தனியாக விழுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வருமான வரிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லம், 60 வயதுக்கு மேற்பட்டவரிடம் தங்கல், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை வாங்கினால் அதற்கு வரிவிலக்கு உண்டு. தனியார் கம்பெனி நடத்தும் இடத்துக்கு இந்த விலக்கு இல்லை. சிலர் 18 சதவீதம் போடுகிறார்கள், சிலர் மருத்துவ சேவை என்று காட்டிப் போடுவதில்லை. 62,000க்கு 18 சதவீதம் 11,160, கேட்காமல் விடும் தொகை இல்லை.

ஒப்பந்தத்தில் சண்டை வருவது நாலு இடத்தில். டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும், எதைக் கழிப்பார்கள். நோட்டீஸ் காலம்: நாமாக அழைத்துப் போனால் 30 நாள் கட்டணம் பிடிப்பார்களா, அவர் இறந்துவிட்டால் அந்த மாத மீதியைத் தருவார்களா. மருத்துவமனையில் பத்து நாள் இருந்தால் இங்கே முழுக்கட்டணமா, பாதியா. வருடாந்திர உயர்வு எத்தனை சதவீதம். பலர் கேட்க மறப்பது, அப்படி மருத்துவமனையில் சேர்த்தால் கூட யார் இருப்பது? பெரும்பாலும் "குடும்பத்தார்" என்று பொடி எழுத்தில் இருக்கும்.

மெடிக்ளெய்ம் (மருத்துவக் காப்பீடு) பொதுவாக இதற்கு வராது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான், இல்லக் கட்டணத்துக்கு இல்லை.

பதிவு விஷயத்தில் இரண்டு வேறு தாள் இருக்கிறது. முதியோர் இல்லமாக மாவட்ட சமூக நல அலுவலகத்தில் செய்யும் பதிவு ஒன்று. நர்ஸிங், ட்யூப், ஆக்ஸிஜன் என்று மருத்துவப் பராமரிப்பும் தருவதாகச் சொன்னால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ், 1997இன் சட்டம், பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சமையலறைக்கு 14 இலக்க எண் கொண்ட உணவுப் பாதுகாப்பு உரிமம். மூன்றையும் சுவரில் மாட்டியிருப்பார்கள். செல்லுபடித் தேதியைப் படியுங்கள்.

அசல் ஆதார், ஏடிஎம் கார்டு, பாஸ்புக் எதையும் இல்லத்தில் விடாதீர்கள், நகல் போதும். பென்ஷன் வருகிறதென்றால் ஜீவன் பிரமாண் என்ற உயிர்வாழ் சான்றை முகம் காட்டியே போனில் செய்துவிடலாம், அம்மாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

மாலைநேரம்:

இரவில் சத்தம் போடுகிறார் என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். இல்லம் உங்கள் அம்மாவை எப்படி நடத்தும் என்பது அந்த வரியில்தான் இருக்கிறது.

திடீரென்று ஆள் தெரியாமல் போவதும் பகலில் சரியாகிவிடுவதும் பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றின் அறிகுறி: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சோடியம் குறைவு, சர்க்கரை ஏற்ற இறக்கம், வலி. யூரின் ட்யூப் இருப்பவருக்கு முதல் சந்தேகம் தொற்று. நல்ல இல்லம் முதலில் காய்ச்சல் பார்க்கும், எத்தனை நாள் மலம் போகவில்லை என்று சார்ட் பார்க்கும், டாக்டரிடம் சொல்லிப் பரிசோதனை எடுக்கும். மற்ற இடம் தூக்க மாத்திரை கொடுக்கும். இரவு இரண்டு ஆயாம்மா 20 பேரைப் பார்க்கும் இடத்தில் தூக்க மாத்திரை மூன்றாவது ஆயாம்மா மாதிரி.

அதனால் நேராகக் கேளுங்கள்: இங்கே எத்தனை பேருக்கு இரவில் குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், லோராசெபாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்து போகிறது? புதிதாக ஒரு மருந்து தொடங்கும் முன் குடும்பத்தின் சம்மதம் கேட்பீர்களா? மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்தது. தேவைப்படும் நேரம் உண்டு, மறுக்கவில்லை. குறைந்த அளவில், காரணம் எழுதி, நிறுத்தும் தேதியோடு தர வேண்டும். "நம்ம இடத்துல எல்லாரும் ராத்திரி நிம்மதியா தூங்குவாங்க" என்பதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள்; எல்லாரும் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தால் போதும், புரிந்துவிடும்.

கையைக் கட்டுவது பற்றியும் எழுத்தில். ட்யூபைப் பிடுங்காமல் இருக்கத் துணிக் கையுறை போடலாம். அதையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கையைப் பார்க்க வேண்டும். துப்பட்டாவால் கட்டில் கம்பியில் கட்டுவதற்கு எந்தக் காரணமும் ஏற்கக்கூடாது.

கேமரா இருக்கும் இடமாகப் பாருங்கள், போனில் நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இரவுப்பணி:

@மாலைநேரம் மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், கேமரா மட்டும் இல்லை. உடை மாற்றுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் அந்த அறையில்தான். பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகனும் அதே படத்தைப் பார்ப்பான். வராந்தாவிலும் கூடத்திலும் இருக்கட்டும். அறைக்குள் வேண்டுமென்றால் திரை இழுத்தால் மறையும் கோணத்தில், பதிவை யார் பார்க்கலாம் என்று எழுதி வைத்த பிறகு. கேமராவைவிட நேரம் சொல்லாமல் போகும் உரிமை பெரிது. "விசிட்டிங் அவர் 4 டு 6, ஸ்ட்ரிக்ட்" என்ற இடத்தில் சேர்க்காதீர்கள்.

மாலைநேரம்:

சரி, அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். அறைக் கேமரா வேண்டாம்.

செம்பாக்கம்_வாசி:

எல்லாருக்கும் நன்றி. மூன்று இடத்துக்கும் மறுபடி போனோம், இந்த முறை காலை ஆறரைக்கு, சொல்லாமல். முதல் இடம் (20 படுக்கை) கதவே திறக்கவில்லை, மேனேஜர் ஒன்பதுக்கு வருவார் என்றார்கள். இரவு மூன்று பேர், மூவரும் ஆயாம்மா. இரண்டாவது இடம் (9 படுக்கை) உள்ளே விட்டார்கள். இரவு ஒரு நர்ஸ், ஒரு ஆயாம்மா. ஒன்பதில் ஐந்து பேர் புரள முடியாதவர்கள். சார்ட்டில் 12.20, 2.35, 4.30 என்று இருந்தது. ட்யூப் நர்ஸே போடுவாராம், தலைப்பக்கம் உயர்ந்தே இருந்தது. ஆனால் பினாயில் வாடை அதிகம், பிசியோ வாரம் மூன்று நாள்தான், ஜெனரேட்டர் இல்லை, இன்வெர்ட்டர் மட்டும். மூன்றாவது இடத்தில் எல்லாம் இருக்கிறது, ரீஹாப் தனிப் பிரிவாகவே இருக்கிறது, பிசியோ தினமும் 45 நிமிடம், விழுங்கும் தெரபிஸ்ட் வாரம் இரண்டு நாள். டயப்பர், நர்ஸ், பிசியோ எல்லாம் சேர்த்து 62,000, ஜிஎஸ்டி இல்லை என்று எழுதித் தருகிறார்கள். குழப்பம் இன்னும் தீரவில்லை.

வரவுசெலவு:

இரண்டாவது இடத்துக்குத் தாள் நிரப்பினார்களா? அதன் மொத்தம் வராமல் ஒப்பிட முடியாது.

செம்பாக்கம்_வாசி:

நிரப்பினார்கள். 35,000 + டயப்பர் 6,000 + பிசியோ 12 தடவை 6,000 + ட்யூப் மாவு, ஸ்ட்ரிப், கையுறை சுமார் 5,000. மொத்தம் 52,000. மூன்றாவது இடத்தில் மாவும் ஸ்ட்ரிப்பும் சேர்ந்தால் 66,500. மருந்து இரண்டிலும் தனி.

தோள்_மூட்டு:

அப்படியென்றால் வித்தியாசம் மாதம் 14,500. அடுத்த ஆறு வாரத்துக்கு மட்டும் மூன்றாவது இடம், பிறகு இரண்டாவது. ஆறு வாரத்துக்குக் கூடுதலாகச் சுமார் 20,000 ஆகும். அந்த நேரத்தில் ரைல்ஸ் ட்யூபும் யூரின் ட்யூபும் போனால், கட்டில் ஓரத்தில் உட்கார வந்தால், பிறகு வரும் ஒவ்வொரு மாதமும் செலவு இறங்கும். முன்னேற்றம் இல்லையென்றாலும் ஆறு வாரத்தில் அது தெரிந்துவிடும். இரண்டாவது இடத்தில் இப்போதே பேசிவைத்து, ஆறு வாரம் கழித்துப் படுக்கை கிடைக்குமா என்று கேளுங்கள். 9 படுக்கை இடத்தில் காலியாவது அபூர்வம்.

ரீஹாப் பிரிவில் சேர்க்கும் முன் முதியோர் மருத்துவர் ஒருவர் முழுசாகப் பார்ப்பது நல்லது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை 60 வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே 200 படுக்கையோடு இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு புறநோயாளியாகப் போகலாம்.

மாலைநேரம்:

பினாயில் வாடை பற்றி: மூத்திர வாடையும் பினாயிலும் கலந்து வந்தால் கவலைப்படலாம். வெறும் பினாயில் என்றால் காலைத் துடைப்பு நேரம். மெத்தை அருகே குனிந்து முகர்ந்து பாருங்கள், தரையை அல்ல. அங்கே யாருக்காவது இரவில் அரிப்பு, விரலிடுக்கில் பொரிப் பொரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிரங்கு வந்த இல்லத்தில் ஒருவருக்கு மட்டும் மருந்து பூசினால் நிற்காது; எல்லா நோயாளிக்கும் எல்லா ஊழியருக்கும் ஒரே நாளில் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு பூச வேண்டும், ஒரு வாரத்தில் மறுபடி.

கேட்கச் சங்கடமான ஒன்று. இரவில் உயிர் பிரிந்தால் எந்த டாக்டர் வந்து பார்த்து இறப்புக்கான காரணத்தை எழுதித் தருவார்? இதற்குப் பதில் இல்லாத இல்லத்தில் விடியற்காலையில் உடலை வைத்துக்கொண்டு டாக்டர் தேட வேண்டியிருக்கும், சான்று இல்லாமல் மயானத்திலும் சிக்கல். பெயரும் போன் எண்ணும் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் இருந்து பார்க்கும் நிலை பிறகு வந்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோவும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருவார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வைக்கலாம். இல்லத்தில் ஏதாவது சரியில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567.

இரவுப்பணி:

மூன்றாவதில் ஆறு வாரம், பிறகு இரண்டாவது. எனக்கும் அதுதான் சரி. இரண்டாவதற்குப் போகும் முன் இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும், ஏர் பெட் பம்பும் சளி உறிஞ்சும் மெஷினும் அதில் ஓடுமா என்று ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெறும் ட்யூப் லைட் எரிந்தால் போதாது. பம்ப் நின்றால் சில வகை ஏர் பெட்டில் கொஞ்ச நேரத்திலேயே காற்று இறங்கிவிடும்.

சேர்க்கும் நாளில் செய்ய வேண்டியது. டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக, பகல் 12க்குள் சேருங்கள். மாலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் போனால் யாரும் யாருக்கும் எதையும் ஒப்படைக்க மாட்டார்கள். அம்மாவை முழுசாகப் புரட்டி உடம்பு முழுக்கப் பார்த்து, அந்தத் திட்டின் அளவை ஸ்கேல் வைத்து, படம் எடுத்து, தேதி போட்டு, அவர்களும் நீங்களும் கையெழுத்திடுங்கள். நாளைக்குப் பெரிதானால் "வரும்போதே இருந்தது" என்ற பேச்சு வராது. எடையும் அன்றே. பிறகு மாதம் ஒரு முறை எடை வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு மாதத்தில் 3 கிலோ குறைந்தால் 62க்கு அது கிட்டத்தட்ட 5 சதவீதம், ஃபீட் அளவை டாக்டரும் டயட்டீஷியனும் மாற்ற வேண்டும்.

மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்: பெயர், அளவு, நேரம், எதற்கு. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை ஏதாவது போகிறதென்றால் சிவப்பில் எழுதுங்கள். அது போகிறவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும், ஐஸ் வைத்துவிட்டுப் படுக்க வைக்கக் கூடாது.

முதல் வாரம் மூன்று முறை போங்கள்: ஒரு நாள் காலை ஆறரை, ஒரு நாள் மதியம் ஃபீட் நேரம், ஒரு நாள் இரவு ஒன்பதரை. ஒவ்வொரு தடவையும் போர்வையை விலக்கி வால் எலும்பையும் இரண்டு குதிகாலையும் பாருங்கள். ஆயாம்மாக்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அம்மாவுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும், எந்தப் பேச்சுக்குச் சிரிப்பார் என்று அவர்களிடம் சொல்லுங்கள். பேச முடியாதவரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் இரவு இரண்டு மணிக்குப் புரட்டும் கை கொஞ்சம் மெதுவாக இருக்கும்.

செம்பாக்கம்_வாசி:

திங்கட்கிழமை மூன்றாவது இடத்தில் முன்பதிவு செய்கிறோம். விழுங்கும் பரிசோதனையை டிஸ்சார்ஜுக்கு முன்பே செய்யச் சொல்லி இன்று டாக்டரிடம் கேட்டோம், வியாழக்கிழமை செய்கிறார்கள். எஸ்.ஆர். மாத்திரை இரண்டு இருந்தது, மாற்றி எழுதிவிட்டார்.